கொடி ஐயாவும் சுணக்கக் காசும்

முதலில் ஒரு மன்னிப்புக் கேட்டுவிடுகிறேன். என் கையெழுத்து கோழி கிளறிய முற்றம் மாதிரி இருக்கும். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் முடிந்தது. அதற்குப் பிறகு என் கையில் இருந்தது ஊசியும் கத்தரிக்கோலும்தான். எழுத்துப் பிழைகளைப் பத்திரிகைக்காரர் திருத்திப் போடுவார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். இதை நாலு பேருக்கு முன்னால் வாயால் சொல்லச் சொன்னால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். கடுதாசிக்கு முன்னால் அந்தப் பயம் இல்லை.

விஷயம் இதுதான். வாடகை பிந்தினதற்காகக் குடியிருக்கிறவர்களோடு சண்டை பிடிக்காத வீட்டுக்காரர் யாழ்ப்பாணப் பட்டினத்தில் ஒருவரும் இல்லை. ஆனால் அந்தச் சண்டையை ஒழுங்காக, மரியாதையாக, விசில் ஊதித் தொடங்கி விசில் ஊதி முடித்த மனிதர் இந்த உலகத்திலேயே ஒருவர்தான். அவர்தான் எங்கள் கொடி ஐயா.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் காணி உறுதிப் பத்திரத்தில் இருந்திருக்கும். எங்கள் சின்னத் தெருவில், அந்த ஒழுங்கையில், அது ஒருவருக்கும் தெரியாது. மலாயாவில் ஒரு சின்ன றெயில் ஸ்டேசனில் மாஸ்டராக இருந்து பென்சனோடு ஊருக்கு வந்தவர். மலாயாவிலிருந்து வருகிறவர்கள் பீங்கான், பட்டு, பிரம்புக் கதிரை என்று கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது ஒரு பச்சைக் கொடி, ஒரு சிவப்புக் கொடி, ஒரு விசில், ஒரு சட்டைப்பைக் கடிகாரம். மனைவி அங்கேயே காலமாகிவிட்டார். பிள்ளைகள் இல்லை. பென்சன் சேமிப்பில் ஒழுங்கையின் ஒரு பக்கத்தில் தனக்கு ஒரு சின்ன வீடும், எதிர்ப்பக்கத்தில் வாடகைக்கு நாலு அறைகளும் கட்டினார். நடுவில் ஒழுங்கை. அவர் கணக்கில் அது தண்டவாளம்.

நான் கலியாணம் முடித்த புதிதில், தையல் மெசினையும் மனைவி பவளத்தையும் கூட்டிக்கொண்டு அறை கேட்டுப் போனேன். ஐயா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி, நீர் என்ன தொழில்?"

"தையல், ஐயா."

"கலியாணச் சட்டையைக் கலியாணம் முடிஞ்ச அடுத்த நாள் தைச்சுக் குடுப்பீரோ?"

"இல்லை, ஐயா."

"வாடகையும் அப்பிடித்தான். ஐஞ்சாந் திகதி, விளக்கு வைக்க முன்னம் என்ரை கையிலை வேணும். பிந்தினால் நாளுக்கு ஐஞ்சு சதம் சுணக்கக் காசு. ஒரு வருசத்திலை மூண்டு தரம் சிவப்புக் கொடி கண்டால் அறையை விட வேணும். ஏலுமெண்டால் இரும். ஏலாதெண்டால் இப்பவே சொல்லும், நான் கோவிக்கமாட்டன்."

எனக்கு "ஏலும்" என்று சொல்லவும் பயம், "ஏலாது" என்று சொல்லவும் பயம். பவளம்தான் பின்னால் நின்று, "ஏலும் ஐயா" என்றாள். அப்படித்தான் நாங்கள் மூன்றாம் அறைக்குக் குடிவந்தோம்.

ஐந்தாம் திகதி பின்னேரம் என்றால் அவரைப் பார்க்க வேண்டும். மலாயாக் கோட்டைப் போட்டு, பித்தளைப் பொத்தான்களை எல்லாம் பூட்டி, கக்கத்தில் இரண்டு கொடிகளோடு தன் வேலிப் படலையைத் திறந்து வந்து நிற்பார். முதலில் ஒரு விசில். அது வண்டி வருகிற நேரம் என்பதற்கு அடையாளம். நாங்கள் ஒவ்வொருவராக ஒழுங்கையைக் கடந்துபோய்க் காசைக் கொடுப்போம். ஒவ்வொருவருக்கும் ஒரு பச்சைக் கொடி அசையும். எல்லாரும் கொடுத்து முடிந்தால் நீளமாக ஒரு விசில். யாராவது பிந்தினால் விளக்கு வைக்கும் நேரத்தில் சிவப்புக் கொடி அந்த அறைக்கு நேரே விரியும். ஒரு சொல் ஏச்சு இல்லை. சந்தையில் கண்டால் கேட்பதில்லை. கோயிலில் கண்டால் முறைப்பதில்லை. பக்கத்து ஒழுங்கை வீட்டுக்காரர்கள் வாடகை பிந்தினால் அடுப்பங்கரை வரைக்கும் வந்து கத்துவார்கள். எங்கள் ஐயா எங்கள் வாசற்படியை மிதித்ததே கிடையாது.

சுணக்கக் காசை என்ன செய்கிறார் என்று ஒருவரும் ஆராய வேண்டியதில்லை. அவரே சொல்லுவார்: "நான் தின்னுறன்." வாடகைக் காசில் அவர் வாங்குவது அரிசி, மரக்கறி, விளக்கெண்ணெய். மீன் வாங்குவது சுணக்கக் காசில் மட்டும். அதனால் அவருடைய குசினியிலிருந்து மீன் குழம்பு வாசம் வந்தால், "இண்டைக்கு ஆர் பிந்தினது?" என்று ஒழுங்கை முழுக்கக் கேட்கும். கொழும்புத்துறையிலிருந்து பனையோலைக் கடகத்தில் மீன் சுமந்து வருகிற மரியாம்மா அக்கா, அவர் படலையில் கூப்பிட முன்னம் எங்களிடம்தான் விசாரிப்பா.

"என்ன தம்பிமார், ஆரும் சிவப்பு வாங்கினியளோ? இல்லையெண்டால் சொல்லுங்கோ, நான் சும்மா அந்த மனிசனிட்டை நிண்டு தொண்டைத்தண்ணி வத்தாமல் போறன்."

எல்லாரும் நேரத்துக்குக் கொடுத்த மாதங்களில் ஐயாவின் முகம் கொஞ்சம் வாடித்தான் இருக்கும். எப்படியும் ஒரு மீன் துண்டு வேண்டும் என்று நாக்கு கேட்டிருக்கும். ஆனால் சொந்தக் காசில் ஒரு நெத்தலி கூட வாங்கியதில்லை. மரியாம்மா அக்கா ஒருநாள், "ஐயா, கடனுக்குத் தாறன், அடுத்த மாசம் எவனாவது பிந்துவான்தானே" என்று ஆசை காட்டினா.

"பிந்துவான் எண்டு நம்பி நான் மீன் திண்டால், பிந்தட்டும் எண்டு நினைக்கத் தொடங்கிடுவன், பிள்ளை. கொண்டு போ" என்றார். அக்கா போன பிறகும் கடகம் திரும்பிய மூலையைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார்.

இப்போது என்னுடைய சிவப்புக் கொடிகளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

முதலாவது சித்திரையில் விழுந்தது. ஐந்தாம் திகதி வெள்ளிக்கிழமையாகப் போய்விட்டது. காசு கையில் இருக்கிறது. பவளம் விடுகிறாள் இல்லை.

"வெள்ளிக்கிழமை வீட்டுக் காசை வெளியிலை குடுக்கிறதோ? லட்சுமி இறங்கிப் போயிடுவா. நாளைக்குக் குடுங்கோ."

இதை ஒழுங்கையில் நின்று சத்தமாகச் சொன்னாள். எதிர்ப்பக்கத்திலிருந்து மறுமொழி வந்தது.

"தங்கச்சி, வெள்ளிக்கிழமை எண்டு றெயில் ஓடாமல் நிக்குமே?"

"றெயிலுக்குக் குடும்பமில்லை, ஐயா!"

ஐயாவுக்கு அந்த மறுமொழி நன்றாகப் பிடித்திருந்தது. சிரித்தார். சிரித்துக்கொண்டே சிவப்புக் கொடியை விரித்தார். ஐந்து சதம்.

இரண்டாவது ஆவணியில். அன்று வெள்ளிக்கிழமையும் இல்லை, செவ்வாய்க்கிழமையும் இல்லை. பவளத்தின் சம்மதத்தோடு காசை எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஒழுங்கையின் நடுவில் போய்க்கொண்டிருக்கிறேன். ஐயா கையை நீட்டிவிட்டார். திடீரென்று மழை இருட்டு. பொழுதுபட்டுவிட்டது என்று நினைத்து உள்ளே பவளம் விளக்கைக் கொளுத்திவிட்டாள். கொளுத்திய கையோடு வெளியில் ஓடிவந்தாள்.

"இஞ்சாருங்கோ, விளக்கு வைச்சிட்டன்! இனிக் காசு குடுக்கப்படாது!"

நான் அப்படியே நின்றேன். எனக்கு முன்னால் ஐயாவின் கை. எனக்குப் பின்னால் பவளத்தின் விளக்கு. இரண்டு பக்கமும் போக முடியாமல் வண்டியை நடுவழியில் மறித்த மாதிரி இருந்தது.

"தங்கச்சி, பொழுது இன்னும் படேல்லை. விளக்கை நூத்துவிடும்!" என்று ஐயா கத்தினார்.

"வைச்ச விளக்கை நூக்கிறதோ? நீங்கள் பெரிய மனிசன், இப்பிடிச் சொல்லலாமோ?"

"என்ரை மணிக்கூட்டிலை நேரம் கிடக்கு!"

"மணிக்கூடு மலாயாவிலை வாங்கினது. விளக்கு இஞ்சத்தையான் விளக்கு!"

நாலாம் அறையிலிருந்தவர், தன்னுடைய கோழிகள் இன்னும் மரத்தில் ஏறவில்லை, ஆகவே பொழுதுபடவில்லை என்று சாட்சி சொன்னார். இரண்டாம் அறைக்காரி, மழை இருட்டுக்குக் கோழி ஏமாறாது, மனிசர்தான் ஏமாறுவது என்றாள். இப்படி எல்லாரும் கதைத்து முடிய உண்மையாகவே பொழுது பட்டுவிட்டது. சிவப்புக் கொடி விரிந்தது. அந்த முறை ஐயா சிரிக்கவில்லை. "தம்பி, இரண்டு. கவனம்" என்று மெல்லச் சொன்னார். சொல்லும்போது அவருடைய குரல்தான் எனக்குப் பயமாக இருந்தது. அது வெருட்டுகிற குரல் இல்லை. கவலைப்படுகிற குரல்.

கார்த்திகைக் கடைசியில் எங்களுக்கு ஒரு பெண் பிள்ளை பிறந்தது. வெளியில் மழையென்றால் மழை. ஒழுங்கையில் முழங்கால் வரை தண்ணீர். அந்த நேரம் பார்த்துப் பெரியகடையில் புகையிலை விற்கிற முதலாளி ஒருவர், மழைக்குச் சரக்கு வைக்க நல்ல காய்ந்த அறை தேடித் திரிந்தார். எங்கள் அறை அவர் கண்ணில் பட்டுவிட்டது. இரட்டை வாடகை தருகிறேன் என்று ஐயாவிடம் கேட்டிருக்கிறார். "ஆள் இருக்கிற அறை" என்று ஐயா சொல்லியிருக்கிறார். "உவர் தையல்காரருக்கு ஏற்கெனவே இரண்டு சிவப்பு எண்டு கேள்வி" என்று முதலாளி திருப்பிச் சொல்லியிருக்கிறார். மார்கழி, அதாவது டிசெம்பர், ஐந்தாம் திகதிதான் அந்த வருசத்தின் கடைசி வாடகை நாள். அதில் நான் தவறினால் பச்சைப்பிள்ளைக்காரியையும் தூக்கிக்கொண்டு மழைக்குள் இறங்க வேண்டும். போக ஓர் இடம் எங்களுக்கு இருக்கவில்லை.

நான் விடுவேனா? நாலு நாளைக்கு முன்னமே காசு ஆயத்தம். ஐந்தாம் திகதி வெள்ளியா என்று பார்த்தேன், இல்லை. செவ்வாயா; இல்லை. "நான் ஐயாவின்ரை படலையிலை நிண்டு கை காட்டுமட்டும் விளக்குப் பக்கம் போகப்படாது" என்று பவளத்திடம் சத்தியம் வாங்கினேன். பின்னேரம் மழை கொஞ்சம் விட்டது. விசில் கேட்டதும் முதல் ஆளாக ஒழுங்கையைக் கடந்தேன். படலைக்குப் பக்கத்தில் புகையிலை முதலாளி குடையும் கையுமாக நின்றார். வேடிக்கை பார்க்க வந்தவர். மரியாம்மா அக்காவும் வெறுங்கடகத்தோடு வீட்டுக்குப் போகிற வழியில் நின்றா.

நான் காசை நீட்டினேன். ஐயாவும் கையை நீட்டினார். தொடப்போன கையைச் சூடு பட்டது போலச் சட்டென்று இழுத்துக்கொண்டார்.

"நில்லும் தம்பி! உமக்குத் துடக்கெல்லோ!"

என் தலையில் இடி விழுந்தது. பிள்ளை பிறந்த வீட்டுக்கு முப்பத்தொரு நாள் துடக்கு, தீட்டு. விரதகாரர் அந்த வீட்டார் கையால் ஒன்றும் வாங்கமாட்டார்கள். ஐயாவோ அந்த மாதம் பிள்ளையார் விரதம். ஒருநேரச் சாப்பாடு, விடியற்காலை முழுக்கு. வெள்ளி பார்த்தேன், செவ்வாய் பார்த்தேன், விளக்குப் பார்த்தேன். வீட்டுக்குள் அழுதுகொண்டு கிடந்த துடக்கை மறந்துவிட்டேன். அவரும் மறந்துதான் விசில் ஊதியிருக்கிறார்.

"இப்ப என்ன செய்யிறது, ஐயா?" என்று கேட்டேன். அதுவே எனக்குப் பெரிய பேச்சு.

"வாங்க ஏலாது. விரதம்."

"நிலத்திலை வைக்கட்டோ?"

"வைச்சாலும் நான்தானே எடுக்க வேணும்?"

மரியாம்மா அக்கா கடகத்தை இறக்கி வைத்தா. "மாதாவைக் கும்பிடுற எங்களுக்கு உந்தத் துடக்கெல்லாம் இல்லை. இஞ்சை தாரும் தம்பி, நான் வாங்கி ஐயாட்டைக் குடுக்கிறன். முடிஞ்சுது அலுவல்."

ஐயா ஓர் அடி பின்னால் போனார். "பிள்ளை, விடிய துடங்கி மீன் வித்த கையெல்லோ? எனக்கு விரதம்!"

"உங்கடை காசெல்லாம் பின்னை எங்காலை வருகுது? மீன்சந்தையாலை வராமல் வானத்தாலையே?"

"வந்த வழி எனக்குத் தெரியாமல் வரட்டும். கண்ணுக்கு முன்னாலை வரப்படாது."

இரண்டாம் அறைக்காரி மஞ்சள் தண்ணீரில் கழுவலாம் என்றாள். நாலாம் அறைக்காரர், கிணற்றில் போட்டுவிட்டால் துடக்குக் கழிந்த பிறகு எடுக்கலாம் என்றார். எடுக்கிறது யார் என்று கேட்டதும் கோழி அடைக்கப் போய்விட்டார். புகையிலை முதலாளி மட்டும் அமைதியாக மேற்கே பார்த்தார்.

"பொழுது படுகுது, ஐயா. நானெண்டால் ஒண்டும் சொல்லேல்லை. காசு உங்கடை கைக்கு வரேல்லை. சட்டம் நீங்கள் போட்டது."

எதிர் வரிசையில் முதல் அறையில் விளக்கு எரிந்தது. பிறகு இரண்டாம் அறையில். எங்கள் அறை இருட்டாகக் கிடந்தது. பவளம் சத்தியத்தைக் காப்பாற்றிக்கொண்டு இருட்டுக்குள் பிள்ளையோடு இருந்தாள். பிள்ளை அழுகிற சத்தம் ஒழுங்கையைக் கடந்து வந்தது. நான் காசைப் பிடித்தபடி நின்றேன். கை வியர்த்துக் காசு வழுக்கியது.

ஐயா கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். பிறகு கோட்டை இழுத்துவிட்டு நிமிர்ந்தார்.

"முதலாளி, ஒரு கேள்வி. வண்டி நேரத்துக்கு வந்து ஸ்டேசனுக்கு வெளியிலை நிக்குது. கைகாட்டி விழேல்லை. உள்ளுக்கு வர ஏலாது. சுணக்கம் ஆற்றை பிழை?"

"எனக்கு றெயில் தெரியாது, ஐயா."

"எனக்குத் தெரியும். முப்பது வருசம் அதைத்தான் பார்த்தனான். வண்டிக்காரன்ரை பிழை இல்லை. ஸ்டேசன் மாஸ்டற்றை பிழை."

பச்சைக் கொடியை எடுத்து எனக்கு நேரே அசைத்தார். பிறகு சிவப்புக் கொடியை எடுத்தார். அதை விரித்து, கையை வளைத்து, தன்னுடைய நெஞ்சுக்கு நேரே திருப்பிப் பிடித்தார்.

"உது ஆருக்கு, ஐயா?" என்று முதலாளி கேட்டார்.

"எனக்கு."

"அப்ப சுணக்கக் காசு?" மரியாம்மா அக்கா விடவில்லை.

"ஓம், அதுவும்தான். துடக்குக் கழிஞ்சு நான் காசை வாங்குமட்டும் நாளுக்கு ஐஞ்சு சதம். குடுக்கிறது நான்."

முதலாளி இரட்டை வாடகையை ஞாபகப்படுத்தினார். பச்சைப்பிள்ளைக்காரியில் இரக்கப்பட்டு நட்டப்படுகிறீர்கள் என்றும் சொன்னார். ஐயாவுக்குக் கோபம் வந்ததை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன்.

"இரக்கமோ? ஆர் இரக்கப்பட்டது? அவர் பிந்தியிருந்தால் இந்த மழைக்குள்ளை இறங்கச் சொல்லியிருப்பன். அவர் பிந்தேல்லை. நீர் உம்மடை புகையிலையை வேறை இடத்திலை காயப்போடும்!"

நீளமாக விசில் ஊதினார். பவளம் விளக்கை ஏற்றினாள்.

அவர் இறங்கச் சொல்லியிருப்பார் என்று சொன்னதை நான் அன்றைக்கும் நம்பவில்லை, இன்றைக்கும் நம்பவில்லை. அந்தச் சந்தேகத்தை அவரிடம் கேட்டிருந்தால் ஒரு மாதம் என்னோடு கதைத்திருக்கமாட்டார்.

அடுத்த நாளிலிருந்து கூத்துத் தொடங்கியது. ஒவ்வொரு நாளும் பின்னேரம் கோட்டும் குடையுமாக ஐயா ஒழுங்கையைக் கடந்து வருவார். எங்கள் வேலிக்கு வெளியே நின்று தனக்குத்தானே சிவப்புக் கொடி காட்டுவார். வேலிக் கல்லின் மேல் ஐந்து சதத்தை வைப்பார். விசில் ஊதுவார். போவார். வெள்ளிக்கிழமைகளில் மட்டும், பவளத்தின் சட்டப்படி, காசு வெளியே கொடுக்கக்கூடாது என்று நிறுத்திவிட்டு, சனிக்கிழமை இரண்டு நாட்காசும், அந்தச் சுணக்கத்துக்கு ஒரு சதமும் சேர்த்து வைத்தார். இதைக் கேட்டுப் பவளம் சிரித்த சிரிப்பில் பிள்ளை விழித்துவிட்டது.

எனக்கு வெட்கமாக இருந்தது. ஒருநாள் துணிந்து வேலிப் பக்கம் போனேன்.

"ஐயா, எங்களுக்கு இந்தக் காசு வேண்டாம்."

"ஏன் காணும்? வேண்டாமெண்டு சொல்ல நீர் ஆர்? நான் உம்மட்டை வாங்கேக்கை வேண்டாமெண்டு சொன்னனோ? மீன் வாங்கித் திண்டனானெல்லோ?"

"ஓம், ஐயா."

"அப்ப நீரும் வாங்கித் தின்னும்!"

அதை மரியாம்மா அக்கா கேட்டுவிட்டா. பிள்ளை பெற்றவளுக்குப் பால் சுரக்க நல்லது என்று, அந்த ஐந்து சதங்களுக்குக் கணக்குப் பார்க்காமல் பால்சுறா கொண்டுவந்து தந்தா. நாங்கள் சுறா வறுத்து உண்ட நாட்களில், விரதகாரராகிய ஐயா மூக்கைச் சால்வையால் பொத்திக்கொண்டு வந்து, அடுத்த சுறாவுக்கான காசை வைத்துவிட்டுப் போனார்.

முப்பத்தோராம் நாள் துடக்குக் கழித்தோம். அவருடைய விரதமும் அதற்கு முன்னமே முடிந்திருந்தது. நான் வாடகையைக் கொண்டு போகப் புறப்பட, அவரே ஒழுங்கையைக் கடந்து வந்து, முதல் தடவையாக எங்கள் வாசற்படியில் கால் வைத்தார். காசை வாங்கி எண்ணாமல் பையில் போட்டார். பவளம் பிள்ளையை அவர் கையில் கொடுத்தாள். அவருக்குப் பிள்ளை தூக்கத் தெரியவில்லை. விளக்கைப் பிடிப்பது போல நேராகப் பிடித்தார்.

"நேரத்துக்குப் பிறந்ததோ?" என்று கேட்டார்.

"இல்லை ஐயா, மருத்துவிச்சி சொன்ன நாளுக்குப் பத்து நாள் பிந்தி" என்றாள் பவளம்.

ஐயா பிள்ளையைக் கண்டிப்பாகப் பார்த்தார். "சுணக்கக் காசை உன்னட்டை எப்பிடியடி அறவிடுறது?" என்றார். அவள் அவருடைய பித்தளைப் பொத்தானைப் பிடித்துக்கொண்டு விடவில்லை.

பிறகு நாங்கள் அந்த அறையில் பல வருசம் இருந்தோம். தையல் நன்றாகப் போனது. அரியாலையில் பவளத்தின் சீதனக் காணியில் ஒரு சின்ன வீடும் கட்டினோம். குடிபோன பிறகும் மூன்றாம் அறையை நான் விடவில்லை. உள்ளே ஒரு பழைய மெசினும் இரண்டு துணி மூட்டையும் மட்டும் கிடந்தன. ஐயா காலமாகும் வரை மாதாமாதம் வாடகை கட்டினேன்.

"சும்மா கிடக்கிற அறைக்கு ஏன் இந்தச் செலவு?" என்று பவளம் ஆரம்பத்தில் கேட்டாள். அந்த நாட்களில் மற்ற அறைகளில் இருந்தவர்களும் ஒவ்வொருவராக வீடு கட்டிப் போய்விட்டார்கள். புதிதாக வந்தவர்கள் வாடகையைக் கடைப்பொடியன்களிடம் கொடுத்தனுப்பிவிடுவார்கள். ஐந்தாம் திகதி பின்னேரம் அந்த வயது போன மனிதர் கோட்டைப் போட்டுக்கொண்டு படலையில் வந்து நின்று ஒழுங்கையைப் பார்ப்பார். அந்த நேரத்தில் நேரே நடந்து வருகிற ஓர் ஆளாவது இருக்க வேண்டும் என்று எனக்குப் பட்டது. பவளம் பிறகு கேட்கவில்லை. ஐந்தாம் திகதிகளில் என் சால்வையைத் தோய்த்து மடித்து வைத்துவிடுவாள்.

எழுதி முடித்தது: 1947ஆம் ஆண்டு, ஆனி மாதம் 17ஆந் திகதி.